இடது மூக்கில் சொட்டும் தண்ணீர்

பிப்ரவரி 11

தங்கைக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நானாக எழுதவில்லை. உன் அண்ணி தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்துவிட்டு, "எழுதினாத்தான் காபி" என்று சொல்லிப் போயிருக்கிறாள். போனில் பேசலாமே என்பாய். எனக்கு மூக்கு வழியாக ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கத்தக் கூடாது என்று உத்தரவு. உன்னோடு கத்தாமல் பேசி முடித்த நாள் எனக்கு ஞாபகமில்லை. ஆகவே கடிதம்.

மூளைக்கு அடியில், மூக்கின் கடைக்கோடிக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடம் நின்ற நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் அது கண் நரம்பை அழுத்தியதில் இரண்டு ஓரமும் மங்கி, ஆய்வகத்துக் கதவு நிலையில் தினம் தோளை இடித்துக்கொண்டிருந்தேன். மண்டையைத் திறக்காமல், மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். கண் சரியாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூக்கு சாக்கடையாகிவிட்டது. ஐந்து வாரமாக ஒரு நாளைக்கு நாலு தடவை, பிளாஸ்டிக் பாட்டிலில் உப்புத் தண்ணீர் நிரப்பி ஒரு துவாரத்தில் பீய்ச்சுகிறேன். மறு துவாரத்தில் வெளியே வருவதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுவேன், இதையெல்லாம் பார்ப்பது உன் தொழில்தானே. பச்சையும் கருப்புமாகப் பொருக்கு. சில நாள் நகம் அளவு. போன வியாழக்கிழமை கட்டைவிரல் நீளத்தில் ஒன்று, அடியில் சீழும் மேலே உறைந்த ரத்தமுமாக, தொண்டை வரை இழுத்துக்கொண்டு வந்து வாஷ்பேசினில் விழுந்தது. அதற்கு முகம் இருந்தால் என் சாயல் இருந்திருக்கும். எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. காபி வெறும் வெந்நீர். ஆனால் என்னிடமிருந்து எதுவோ வீசுகிறது என்பதை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். உன் அண்ணி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். குறட்டை தாங்கவில்லையாம். இருபத்தைந்து வருடமாக அதே குறட்டைதான்.

போன வாரம் வேலைக்குத் திரும்பினேன். என் நாற்காலிக்காகப் பத்து வருடமாகக் காத்திருக்கும் துணை அதிகாரி, பக்கத்தில் வந்து ரிப்போர்ட்டை நீட்டியவன், இரண்டு அடி பின்வாங்கி, "சார், ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றான். உன் ஞாபகம் வந்தது.

அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். நீ ஒரே ஒரு தடவை வந்தாய். அறை வாசலிலேயே முகத்தைச் சுளித்து, "ஜன்னலைத் திறயேன், நாறுது" என்றாய். அவர் காதில் விழுந்தது. பத்து நிமிடம்கூட நிற்காமல் வெளியே போனாய். அடுத்து நீ வந்தபோது அவர் இல்லை. நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

உன் அண்ணி கேட்கச் சொன்னது இதுதான்: இந்தப் பொருக்கும் நாற்றமும் சகஜமா? எத்தனை நாளைக்கு? பதில் மட்டும் போதும். நலம் விசாரிக்க வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

ஆறு வருஷத்துல முதல் லெட்டர். அதுல பாதி சளி, மீதி திட்டு. பரவாயில்லை, உன் கையெழுத்து மாறலை.

சகஜம்தான். கட்டி எடுத்த இடத்துல மூளைக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும். அதை அடைக்க மூக்கோட நடுச்சுவர்ல இருந்து சவ்வை உரிச்சு மேல ஒட்டியிருப்பாங்க. உரிச்ச இடம் பச்சைப் புண். அதுலதான் பொருக்கு கட்டுது, அதுதான் நாறுது. மூணு மாசம் ஆகும். சில பேருக்கு ஆறு மாசம்கூட. வாசனை மெதுவா திரும்பும், அவசரப்படாதே. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சுதான் பீய்ச்சணும். பொருக்கை விரலால பிய்க்காதே. முழங்கால் புண்ணைப் பிச்சுப் பிச்சு வாயில போட்டுக்கிட்ட ஆள் நீ, அதான் சொல்றேன்.

ஆஸ்பத்திரியில குடுத்த தாளைப் படிச்சியா? எதுக்கெல்லாம் உடனே வரணும்னு அதுல போட்டிருப்பாங்க. நீ படிச்சிருக்க மாட்டே. அஞ்சே வாரத்துல எதுக்கு வேலைக்குப் போனே? உன் நாற்காலியை யாரும் தின்னுட மாட்டாங்க.

அப்பா விஷயத்துக்கு நான் இப்போ பதில் எழுதலை. எழுத வரலை.

அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு. உன்னையும் கேட்டேன். விசாரிக்காதேன்னு சொன்னா விசாரிப்பேன்.

வாலு


பிப்ரவரி 24

தங்கைக்கு,

நாற்பத்தாறு வயதில் 'வாலு' என்று கையெழுத்துப் போடுவது உனக்கே கூச்சமாக இல்லையா?

இந்த ஊர் முழுவதும் குடிக்கிற தண்ணீர் என் கையெழுத்து இல்லாமல் குழாய்க்கு வராது. குடிநீர் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி எனக்குப் பாடம் எடுக்கிறாய். ஆஸ்பத்திரித் தாளைப் படித்தேன். பதினொரு எழுத்துப் பிழை. நாலாவது பிழையிலேயே எழுதியவன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. மீதியைப் பிழைக்காகத்தான் படித்தேன்.

பொருக்கு குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஜலதோஷம். போன திங்கட்கிழமை சாம்பிள் பாட்டில்கள் அடுக்கிய பெட்டி நடைபாதையில் கிடந்தது. துணை அதிகாரி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சாருக்கு இப்போ முடியாது, ஆளைக் கூப்பிடுறேன்" என்றான். நானே தூக்கி மேஜையில் வைத்தேன். அன்று சாயங்காலமே மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. அவன்தான் ஒட்டிவிட்டிருப்பான், அவனுக்கு வருடம் முழுக்கத் தும்மல்.

ஒழுகுவது இடது மூக்கில் மட்டும். குனிந்தால் வாஷர் போன குழாய் மாதிரி சொட்டுகிறது. நேற்று ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது இரண்டு சொட்டு விழுந்து மை கலைந்தது. துணை அதிகாரி காகிதக் கைக்குட்டை ஒன்றை இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டினான், செத்த பல்லியைத் தூக்குகிறவன் மாதிரி. தொண்டையில் உப்புக் கரிக்கிறது. எழுந்து நடமாடினால் தலைவலி; படுத்தால் விட்டுவிடுகிறது. ஒன்று சொல்ல வேண்டும்: இந்தத் தண்ணீருக்கு நிறமில்லை, பிசுபிசுப்பில்லை. உன் அண்ணியிடம் கைக்குட்டையைக் கொடுத்து முகரச் சொன்னேன். மூச்சை அடக்கிக்கொண்டு முகர்ந்துவிட்டு, நாற்றமில்லை என்றாள். இத்தனை வாரத்தில் என் உடம்பிலிருந்து கண்ணியமாக வெளியே வந்தது இது ஒன்றுதான்.

அண்ணன்


பிப்ரவரி 26, கூரியரில்

அண்ணா,

அது ஜலதோஷம் இல்லை.

உன் லெட்டர் வந்ததும் மூணு தடவை போன் பண்ணினேன். மூணு தடவையும் கட் பண்ணினே. அண்ணி நம்பருக்குப் பண்ணினா அதையும் நீயே எடுத்து, "ராங் நம்பர்"னு சொல்லி வச்சுட்டே. உன் குரல் எனக்குத் தெரியாதா?

ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது, தண்ணி மாதிரி இருக்கு, குனிஞ்சா சொட்டுது, உப்புக் கரிக்குது, எழுந்தா தலைவலி. மூளையைச் சுத்தி ஒரு தண்ணி இருக்கு, அது கீழே இறங்குது. பெட்டி தூக்கினதுல ஒட்டின சவ்வு விலகியிருக்கும். தண்ணி வெளியே வர்ற வழியில கிருமி உள்ளே போகும். மூளைக்காய்ச்சல் வந்தா அப்புறம் இந்த மாதிரி திட்டி எழுத நீ இருக்க மாட்டே.

இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு இல்லை, இன்னைக்கு. என்மேல கோபத்துல போகாம இருந்துடாதே. கோபத்தையும் கூட எடுத்துக்கிட்டே போ.

வாலு


பிப்ரவரி 27

தங்கைக்கு,

தியேட்டரில் கத்திரிக்கோல் எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லாம் நோயைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தால் டாக்டர்கள் எதற்கு? உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணி அழுதாள். உன் சாதனை அது.

நான் பயப்படுகிறவன் இல்லை, சோதித்துப் பார்க்கிறவன். மூளைத் தண்ணீரில் சர்க்கரை உண்டு, சாதாரணச் சளியில் கிடையாது. புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே இன்று காலை முறைப்படி செய்தேன். புதுக் கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் இருபது நிமிடம் போட்டு எடுத்தேன். மூக்கில் ஒட்டியிருக்கும் அசிங்கம் சாம்பிளைக் கெடுக்கக் கூடாது என்று, முதலில் இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவினேன். ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து, இடது மூக்கிலிருந்து முப்பது சொட்டுப் பிடித்தேன். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் காகிதப் பட்டையை நனைத்தேன். நிறம் மாறவில்லை. இரண்டாவது பட்டை. மாறவில்லை. மூன்றாவதும்.

பட்டையை இத்துடன் ஒட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள். முடிவு: ஜலதோஷம்.

நேற்று ராத்திரி தலையணை நனைந்திருந்தது என்று உன் அண்ணி புலம்புகிறாள். அடுத்த அறையில் படுப்பவளுக்கு என் தலையணையைப் பற்றி என்ன கவலை?

அண்ணன்


மார்ச் 1, கூரியரில்

அண்ணா,

கழுவிட்டுப் பிடிச்சியா?

நீ பீய்ச்சின உப்புத் தண்ணி மூக்குப் பொந்துக்குள்ள, கன்னத்து எலும்புக்குள்ள எல்லாம் தேங்கி நிக்கும். குனிஞ்சா அதுதான் முதல்ல கொட்டும். நீ டெஸ்ட் பண்ணினது உன் வீட்டுக் குழாய்த் தண்ணியை. அதுல சர்க்கரை இருக்காதுதான். இருந்தா நீதான் முதல்ல கேஸ் போடுவே.

பாட்டிலைக் குழாய்ல அலசிட்டு சாம்பிள் பிடிச்சாங்கன்னு ஒரு நாள் நாற்பது பாட்டிலையும் கொட்டச் சொன்னேன்னு நீதான் அப்பாகிட்ட உட்கார்ந்து பெருமையா சொன்னே. அதே தப்பை இப்போ நீ பண்ணியிருக்கே. வேற யாராவது பண்ணியிருந்தா அவனை வேலையை விட்டே துரத்தியிருப்பே.

போதாததுக்கு அந்தப் பட்டையை நம்பவே கூடாது. இருக்கிறதை இல்லேன்னும், இல்லாததை இருக்குன்னும் காட்டும். ஆஸ்பத்திரியில மூளைத் தண்ணியில மட்டும் இருக்கிற ஒரு புரதத்தைத் தேடுவாங்க. கழுவாம பிடிச்ச சொட்டு வேணும். அவ்வளவுதான்.

அப்பா விஷயமா என்கூட நீ சண்டை போடணும். எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கு. அதுக்கு நீ இருக்கணும். தயவு செஞ்சு போ.


மார்ச் 10

தங்கைக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். பேனா மேல்நோக்கி எழுதாது.

உன் கடிதம் ஆய்வகத்தில் என் மேஜைக்கு வந்தது. 'கழுவிட்டுப் பிடிச்சியா' என்ற வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மீதியைப் படிக்காமல் மடித்து வைத்தேன். எதிரே துணை அதிகாரி உட்கார்ந்திருந்தான். என் தப்பு அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பட்டைகளை நான் உன் அண்ணியிடம் ஜெயித்த கோப்பை மாதிரி காட்டியிருந்தேன்.

மறுநாள் காலை கழுவாமல் பிடித்தேன். அவள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள், நான் குனிந்து நின்றேன். லேபிள் ஒட்டினேன்: பெயர், தேதி, மணி, இடது. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க ஆளுங்ககூட இவ்வளவு ஒழுங்கா ஒட்ட மாட்டாங்க சார்" என்றார். அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஸ்கேனில் ஓட்டை தெரிந்தது. சாம்பிளில் நீ சொன்ன புரதமும் இருந்ததாம். தொடையைக் கீறிக் கொழுப்பை எடுத்து மூக்கு வழியாக விட்டு அடைத்திருக்கிறார்கள். ஆக, இப்போது என் மூளை என் தொடைமேல் உட்கார்ந்திருக்கிறது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த மூளை டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

முதுகுத்தண்டில் ஒரு குழாய் சொருகி, என் மூளைத் தண்ணீர் கட்டிலோரம் ஒரு பையில் சேர்கிறது. பார்வையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை. மூக்கில் மறுபடியும் அடைப்பு, மறுபடியும் பொருக்கு, எல்லாம் முதலிலிருந்து. நேற்று பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸிடம், "ஏம்மா, இங்க எங்கேயாவது எலி செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி, "ஆமாங்க, தேடிக்கிட்டு இருக்காங்க" என்றாள். அந்த மனுஷர் ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியில் எட்டி எட்டிப் பார்த்தார். எலி நான்தான். எனக்குத் தெரியாது. நாறுகிறவனுக்கு நாற்றம் தெரியாது. அவனோடு ஒரே அறையில் கிடப்பவனுக்கும் கொஞ்ச நாளில் மரத்துவிடும், அப்பா அறையில் எனக்கு மரத்துப்போனது மாதிரி.

அதனால் ஒன்று யோசித்தேன். அப்பாவின் முதுகுப் புண் உள்ளுக்குள் அழுகிப்போயிருந்தது நீ வந்துபோன மறு வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீ வாசலில் நின்றபோதே நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாய், இல்லையா? நர்ஸ் அல்லவா? அதைத்தான் சொல்ல வந்தாய். நான் அருவருப்பு என்று எடுத்துக்கொண்டேன். அப்படியானால், ஆறு வருடமும் நான் உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். இவ்வளவு எழுதுவதே எனக்கு அதிகம்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். நீ பிழைச்சதுக்குப் பாதி. மீதி, நீ எனக்காக ஒரு நல்ல காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கியே, அதுக்கு.

அதை நான் வாங்கிக்க முடியாது.

நான் அன்னைக்கு எதையும் கண்டுபிடிக்கலை. எனக்குக் குமட்டுச்சு. அவ்வளவுதான். தியேட்டர்ல குடல் கிழிஞ்சவங்களைப் பார்த்திருக்கேன், கால் அழுகினவங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கேன், அதுக்கப்புறம் போய் நிம்மதியா சாப்பிட்டிருக்கேன். அப்பாகிட்ட முடியலை. என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போன மனுஷன் உடம்புல இருந்து அந்த நாத்தம் வந்ததும் உடம்பே திரும்பிடுச்சு. வெளியே போய் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுத்தேன். உனக்குக் கேட்டிருக்காது. அப்புறம் உள்ளே வர கால் வரலை. பஸ் ஏறிட்டேன்.

லீவு கிடைக்கலைன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். லீவு இருந்தது. ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு அந்த வாசனை ஞாபகம் வந்து திரும்பிப் போயிருக்கேன். நர்ஸா இருந்து நான் அந்தப் புண்ணைத் திருப்பிப் பார்த்திருக்கணும். பார்க்கலை. நீ என்னைத் தப்பா நினைக்கலை அண்ணா. சரியாத்தான் நினைச்சே.

இனிமே நீ எழுத மாட்டேன்னு தெரியும். மாத்திரையை மட்டும் விடாதே.

வாலு


மார்ச் 21

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். உன் அண்ணி குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கி, டேப் ஒட்டி, மருந்துச் சீட்டுகளோடு வைத்துவிட்டாள். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி எழுதுவதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஒவ்வொரு நாள் காலையும் அப்பா அறைக்குள் போகும் முன் வாசலில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொள்வேன். அந்த ஒரு மூச்சுக்குள் துணியை உருவி, துடைத்து, பவுடர் கொட்டி, வெளியே ஓடி வந்துவிடுவேன். புண்ணைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதற்கு இரண்டு மூச்சு வேண்டும். மரத்துப்போய்விட்டது என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது பொய். ஒரு நாளும் மரத்துப்போகவில்லை. ஒரு நாள் நான் கன்னத்தை உப்பிக்கொண்டு அவசர அவசரமாகத் துடைக்கும்போது அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். "மூச்சை விடுடா. நான் மூச்சை அடக்கிக்கிட்டா இங்க படுத்திருக்கேன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மூச்சை விடாமலே வெளியே வந்தேன்.

அவ்வளவு நாளும் நான் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தையை நீ வந்ததும் வராததுமாக வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் யோக்கியன், நீ ஓடிப்போனவள் என்று ஆறு வருடம் இந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். நீ ஓடிப்போனாய் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கோபம் போகவில்லை; போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏப்ரல் நாலாம் தேதி காலை பத்து மணிக்கு மூக்கு டாக்டர் குழாயை விட்டு உள்ளே இருக்கும் பொருக்கையெல்லாம் உரித்து எடுக்கப் போகிறார். எடுப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு தட்டில் போடுவார். போன தடவை உன் அண்ணி அதைப் பார்த்து மயங்கி விழுந்து, என்னை விட்டுவிட்டு அவளைக் கவனித்தார்கள். இந்தத் தடவை அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாராவது ஒருவர் கூட வர வேண்டுமாம்.

நீ வா. பக்கத்தில் நில். குமட்டினால் வெளியே போய்விடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி உள்ளே வா.

அண்ணன்